தம் பெயரை எழுதாத உபதேசியார்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு வழிபாட்டுக்கு வந்து இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களே, சபையாரே, வேறு வழிபாட்டு முறைகளைச் சேர்ந்திருந்தும் அப்பாவைத் தங்களவராகவே எண்ணிய நண்பர்களே, உங்கள் அனைவர்க்கும் என் வணக்கம். மேடையில் பேசிப் பழகியவள் நான். எத்தலைப்பைக் கொடுத்தாலும், எந்த அணியில் நிறுத்தினாலும், தடையின்றிப் பேசுவேன் என்ற பெருமை எனக்குண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. அப்பெருமையை என்னைவிட அதிகமாகக் கொண்டாடியவர் அப்பாதான். ஆயினும் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஓர் ஆண்டு தேவைப்பட்டது. வென்ற சொற்களை எழுதுவது எளிது. தோற்ற இடத்தை எழுதுவதற்குத்தான் காலம் வேண்டியிருக்கிறது.

அப்பா, அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், சொந்த நிலம் இல்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தவர் ஒருவரே, எட்டு வயது மூத்தவரான பெரியப்பா. அப்பாவின் சிறு வயதிலேயே அவர் தாயார் மறைந்துவிட்டார். பெண் துணையில்லாத அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் பெரியம்மா. அப்போது அப்பாவுக்குப் பதின்மூன்று வயது. தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டைக்குப் பித்தான் தைத்து, பள்ளிக்கு அனுப்பி வைத்தவர் அந்தப் பெரியம்மாதான். பிற்காலத்தில் அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, பாறை சரிந்து வலது முழங்கால் நொறுங்கிக் கிடந்த ஐந்து மாதங்களும் அவருக்குச் சோறூட்டியவரும் அவரே. "அண்ணி இல்லைன்னா நான் அன்னைக்கே மண்ணுக்குள்ள போயிருப்பேன்" என்று அப்பா சொல்லி நான் சிறுமியாகக் கேட்டிருக்கிறேன். அதன் பின் பல ஆண்டுகள் அவர் பெரியம்மாவைப் பற்றிப் பேசவே இல்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவும் இல்லை.

முழங்கால் தேறியபின் அப்பாவால் பாரம் தூக்க இயலவில்லை. அந்நாளைய போதகர் அவரைப் பயிற்சிக்கு அனுப்பி, எங்கள் சபைக்கு உபதேசியார் ஆக்கினார். போதகர் இல்லாத நாட்களில் செபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு வேதம் கற்பிப்பதும், நோயுற்றோர் வீடுகளுக்குச் செல்வதும் அவர் பணி. முப்பது ஆண்டுகள் அப்பணியைச் செய்தார். பழைய சைக்கிளின் இடப்பக்க மிதியை மட்டும் அழுத்தி, வலக்காலை நீட்டியபடி அவர் வருவதைத் தொலைவிலிருந்தே எவரும் கண்டுகொள்வர்.

எங்கள் சபையின் வழக்கம் ஒன்றைப் பிற சமயத்து நண்பர்களுக்காக இங்கே விளக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் திருவிருந்து. கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக நாங்கள் விசுவசிக்கும் அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் அன்று பெறுவோம். அதைப் பெற விரும்புகிறவர் முந்தைய சனிக்கிழமை மாலை கோயிலுக்கு வந்து உபதேசியாரிடம் தம் பெயரைக் கொடுக்க வேண்டும். பெயரை எழுதுமுன் உபதேசியார் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "யாரோடயாவது மனஸ்தாபம் இருக்கா?" இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டு வர வேண்டும். கடவுளோடு சமாதானமாகி ஒப்புரவாக வருகிறவர், பக்கத்து வீட்டாரோடு பகையை வைத்துக்கொண்டு வரலாகாது என்பதே அதன் பொருள்.

அந்தச் சனிக்கிழமைகள் எனக்குப் பட்டிமன்றங்களைவிடச் சுவையானவை. கழிவுநீர் வாய்க்காலுக்காகச் சண்டையிட்டுக்கொண்ட இரண்டு பெண்களில் ஒருவர் ஒருமுறை வந்தார்.

"பேர எழுதுங்க உபதேசியாரே. பகையெல்லாம் ஒன்னும் கெடையாது. அவ மூஞ்சியப் பாக்காம இருந்தா எனக்கு ஏது பகை?"

"அப்ப போயி அவங்க மூஞ்சியப் பாத்துட்டு வாங்க. அதுக்கப்புறமும் பகை இல்லைன்னா எழுதிக்கிறேன்."

"நான் போனா வெளக்கமாத்தத் தூக்குவா."

"தூக்கட்டும். நானும் கூட வாறேன். மொத அடி எனக்கு."

உண்மையாகவே சென்றார். விளக்குமாறு உயரவில்லை; காப்பிதான் வந்தது. இப்படி அண்ணன் தம்பியரை, மாமியார் மருமகளை, பங்காளிகளை அவர் சேர்த்துவைத்த கதைகளை இம்மலரின் பிற பக்கங்களில் பலர் எழுதியிருக்கிறீர்கள். "நடுவுல நிக்கிறதுக்குன்னே பொறந்த மனுசன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்தபோது நான் அழுதேன். அதன் காரணத்தைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

சென்ற ஆண்டு தை மாதம் அப்பாவுக்கு உணவு இறங்காமல் போயிற்று. திருச்சியில் சோதித்துப் பார்த்து, உணவுக்குழாயில் புற்று என்றார்கள். முற்றிவிட்டது, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்றும் சொன்னார்கள். படித்துக்கொண்டிருந்த கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தேன். அப்பாவின் கை நடுங்கியதால் அம்மாதச் சனிக்கிழமை பெயர்ப் பதிவேட்டை நானே எழுதினேன். வந்தவர் பெயரையெல்லாம் எழுதி முடித்தபின், கடைசி வரியில் அப்பாவின் பெயரையும் எழுதினேன். அவர் கொடுக்கவில்லை, நானாகவே எழுதினேன். முப்பது ஆண்டு உபதேசியாரிடம் போய், மனஸ்தாபம் உண்டா என்று நான் கேட்பதா என எண்ணினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், புதிதாக மாற்றலாகி வந்திருந்த போதகர் அப்பமும் இரசமும் ஏந்தி வீட்டுக்கு வந்தார். செபம் செய்தார். அப்பத்தை அப்பாவின் உதட்டருகே கொண்டுவந்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் பேர் கொடுக்கலியே, ஐயா."

போதகர் திகைத்து என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலை நிமிரவில்லை. போதகர் எதையும் வற்புறுத்தாமல், அப்பாவின் தலையில் கைவைத்து ஆசி கூறிவிட்டுச் சென்றார். அவர் சென்றபின் அம்மா அடுப்படியில் என்னிடம் சொன்னார்: "பன்னெண்டு வருசமா அவரு வாங்குறது இல்லடி. தட்ட எடுத்துக் குடுப்பாரு, கிண்ணத்தத் தொடைச்சு வைப்பாரு, வாயில வைக்க மாட்டாரு. வர்ற போதகர் ஐயருங்க எல்லாம், கடைசில தனியா வாங்கிக்கிறாரு போலன்னு நெனைச்சுக்கிட்டாங்க. நான் ஒரு தடவ கேட்டேன். ரெண்டு நாளு சாப்புடல. அதுலேருந்து கேக்குறத வுட்டுட்டேன்."

பன்னிரண்டு ஆண்டுகள். ஊராரைத் திருவிருந்துக்குச் சேர்த்துவிட்டுத் தாம் மட்டும் பசித்து நின்றிருக்கிறார் ஒரு மனிதர். நான் அவரருகில் வளர்ந்தும் அதைக் கண்டதில்லை.

அன்று மாலை அப்பாவிடம் நான் வாதிட்டேன். நோயாளியிடம் வாதிடலாமா என்று கேட்பீர்கள். அப்போது எனக்குத் தெரிந்த அன்பு அது ஒன்றுதான்.

"கடவுளுக்கும் மனுசனுக்கும் நடுவுல நிக்கிற மத்தியஸ்தர் ஒருத்தர்தான்னு ஊருக்கெல்லாம் சொன்னது நீங்கதானப்பா? சிலுவையில எல்லாத்தையும் முடிச்சிட்டாருன்னு சொன்னதும் நீங்கதான? அவரு முடிச்சதுல என்ன கொறை கண்டீங்க? இன்னும் யாரு வந்து முடிச்சு வைக்கணும்?"

அப்பா கூரையைப் பார்த்தபடியே பேசினார். குரல் கரகரத்து, நூலிழைபோல் வந்தது.

"அவரு முடிச்சதுல கொறை இல்ல பாப்பா. ஒரு பக்கம் கடவுள், ஒரு பக்கம் நானு, நடுவுல அவரு. அவரு கைய நீட்டிக்கிட்டுத்தான் இருக்காரு. நான் ஒரு கையால அவரப் புடிச்சிக்கிட்டு, இன்னொரு கையால அண்ணிய வாசல்லேருந்து தள்ளி வுட்டவன். அந்தக் கைய எங்க கொண்டுபோயி வைக்கிறது?"

பிறகு நடந்ததைச் சொன்னார். பெரியப்பா குடும்பம் பெரியம்மாவின் ஊரான ஆண்டிமடத்துக்குச் சென்று, முந்திரித் தோப்பு வைத்துக் குடியேறியிருந்தது. அவர்கள் பெயர் மட்டும் எங்கள் சபையிலேயே இருந்தது. அவர்களுடைய மகள், எங்கள் அக்கா, ஓர் இந்து இளைஞரை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அந்நாளைய சபை விதிப்படி, பெற்றோர் இருவரையும் திருவிருந்துப் பட்டியலிலிருந்து நீக்கச் சபைக் கமிட்டி முடிவெடுத்தது. பதிவேடு அப்பாவின் பொறுப்பு. அண்ணன் பெயரையும் அண்ணி பெயரையும் சிவப்பு மையால் அடித்தவை அப்பாவின் விரல்கள். ஆறு மாதம் கழித்துப் பெரியம்மா நெஞ்சுவலியால் இறந்தார். சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய உடலை வேனில் கொண்டுவந்தார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு இங்கே இடமில்லை என்று வாசலில் நின்ற கமிட்டியார் சொன்னார்கள். அப்பாவும் செபப் புத்தகத்தோடு அந்த வாசலில் நின்றிருந்தார். பெரியப்பா அப்பாவை மட்டுமே பார்த்தாராம். அப்பா வாய் திறக்கவில்லை. வேன் திரும்பிச் சென்றது. பெரியம்மாவைத் தோப்பில், முந்திரி மரங்களுக்கு இடையே புதைத்தார்கள். அப்போது சிறுமியாயிருந்த எனக்கு எவரும் இதைச் சொல்லவில்லை.

"ஒரு வார்த்த பாப்பா. 'எங்க அண்ணி'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். வேலை போயிருக்கும். போகட்டுமே."

அந்தக் கமிட்டியைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. அவர்களுள் பலர் இன்று இல்லை. அந்த விதியும் இன்று இல்லை. அப்பாவே தம்மைத் தவிர எவரையும் குறைகூறியதில்லை. ஊரார் கண்ட மத்தியஸ்தர் அந்த வாசலில் பிறந்தவர். நிற்க வேண்டிய ஒரே நாளில் நடுவில் நிற்காதவர், அதன் பின் வந்த எல்லா நாட்களிலும் நின்று பார்த்தார். ஆண்டிமடத்துக்கு மட்டும் அவரால் போக முடியவில்லை. பலமுறை பேருந்தேறிப் போய், ஊருக்குள் நுழையாமல் நிறுத்தத்திலிருந்தே திரும்பி வந்திருக்கிறார்.

மறுநாள் நான் ஆண்டிமடத்துக்குச் சென்றேன். வழி நெடுகிலும் என் பேச்சைத் தயார் செய்தேன். உறவின் பெருமையில் தொடங்கி, மன்னிப்பின் மாண்பில் வளர்ந்து, மரணத் தறுவாயில் முடியும் பேச்சு. பெரியப்பா வாசலில் சாக்கு விரித்து முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். அக்கா எனக்கு மோர் கொடுத்தார். பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்கப்பன் மவளா? மேடையில பேசுறவதான நீயி? ஒக்காரு. எத்தன நிமிசம் பேசுவ? மணி அடிக்கிறதுக்கு ஆளு வேணுமா?"

பேசினேன். நன்றாகவே பேசினேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பா கொட்டைகளைக் கையால் பரப்பிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் நிமிர்ந்தார்.

"நல்லாப் பேசுற. ஒங்கப்பன் அன்னைக்குப் பேச வேண்டியத, நீ இன்னைக்குப் பேசுற. கெளம்பு, பஸ்ஸு போயிரும்."

எழுந்து நின்று, தயார் செய்யாத ஒன்றைச் சொன்னேன். அப்பா பன்னிரண்டு ஆண்டுகளாகத் திருவிருந்து எடுப்பதில்லை என்று சொன்னேன். நேற்றுப் போதகர் கொண்டுவந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று சொன்னேன்.

கொட்டைகளின்மேல் அலைந்த கை நின்றது.

"பன்னெண்டு வருசமாவா?"

"ஆமா பெரியப்பா."

"நான் என்ன நெனைச்சேன்னா… மாசாமாசம் நல்லா வாங்கித் தின்னுட்டு, சட்டையில மடிப்பு கலையாம இருக்கான்னு நெனைச்சேன்." யாரிடமோ கோபித்துக்கொள்வதுபோல், "அவன யாரு பட்டினி கெடக்கச் சொன்னா?" என்றார். பிறகு தோப்புக்குள் நடந்து போய்விட்டார். நெடுநேரம் காத்திருந்தேன். திரும்பி வரவில்லை. தோற்றுப்போனேன் என்று எண்ணித்தான் பேருந்தேறினேன்.

மூன்றாம் நாள் மதியம் வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, எவரையும் கேளாமல், நேரே கட்டிலருகே போய் நின்றார். அப்பா எழ முயன்றார்.

"படு. எந்திரிக்காத."

"அண்ணே… அன்னைக்கு நான் வாயத் தொறக்கலண்ணே."

"தெரியும். பாத்துக்கிட்டுத்தான நின்னேன்." பெரியப்பா கட்டில் விளிம்பில் அமர்ந்தார். "நானுந்தான் தொறக்கல."

அப்பாவுக்கு விளங்கவில்லை. வாசற்படியில் நின்ற எனக்கும் அம்மாவுக்கும் விளங்கவில்லை.

"அவ சாவுறதுக்கு மொத நாளு என்னக் கூப்புட்டுச் சொன்னா. 'என்ன அங்க வைக்க வுட மாட்டாங்க. ஒங்க தம்பியால அங்க பேச முடியாது. அவரு பாவம், அவரக் கோவிச்சுக்காதீங்க. எனக்கு அவரு மேல ஒரு வருத்தமும் இல்லைன்னு மறக்காம சொல்லிருங்க'ன்னா. அதையே ரெண்டு தடவ சொன்னா. மறுநாளு நீ வாசல்ல நின்ன நெலையப் பாத்துட்டு, சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். அவ மன்னிச்சா மன்னிச்சுக்கட்டும், இவனுக்கு எதுக்குத் தெரியணும்னு முழுங்கிட்டேன். அது எனக்குள்ளயே கெடந்துச்சுடா."

அம்மாதான் பேசினார். வசையாக அல்ல, தாங்க மாட்டாமல் வந்த சொல்: "பன்னெண்டு வருசம், மாமா."

"ஆமா" என்றார் பெரியப்பா. "பன்னெண்டு வருசம்."

அப்பா அழுதார். நோய் தொண்டையை அடைத்திருந்ததால் ஓசை எழவில்லை. மார்பு மட்டும் ஏறி இறங்கியது. பெரியப்பா தம் தோள்துண்டால் அவர் முகத்தைத் துடைத்தார். சிறுபிள்ளைக்குத் துடைப்பதுபோல் அழுத்தித் துடைத்தார்.

உறவினர்களே, ஒப்புரவாகுதல் என்னும் தலைப்பில் நான் பரிசு வாங்கிய பேச்சுகள் உண்டு. கடவுள் கோபித்து நிற்கிறார், மனிதன் நடுங்கி நிற்கிறான், நடுவர் ஒருவர் இருவரையும் சமாதானப்படுத்துகிறார் என்ற அளவில்தான் நான் அதை அறிந்திருந்தேன். அன்று அந்தக் கட்டிலருகே வேறொன்றைக் கண்டேன். நாங்கள் விசுவசிக்கும் கடவுள், மனிதன் மனந்திரும்பும்வரை காத்திருந்து மன்னித்தவர் அல்லர். அவன் பகைவனாயிருக்கையிலேயே மன்னித்தவர். தீங்கு இழைக்கப்பட்டவரே முதலடி எடுத்து வைத்தார். தம்மை வாசலில் மறுக்கப்போகிறவரை முந்தைய நாளே மன்னித்துவிட்டுப் போன பெரியம்மாவைப்போல. மன்னிப்பு அங்கே முன்பே முடிந்துவிட்டது. மிஞ்சியிருந்தது அதைக் கொண்டுபோய்ச் சொல்லும் வேலை மட்டுமே. அந்த ஒரு வேலை நடவாததால், மன்னிக்கப்பட்ட மனிதர் ஒருவர் மன்னிக்கப்படாதவராகவே பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இதைவிடக் கொடிய ஏழ்மையை நான் அறியேன்.

அன்று மாலையே அப்பா என்னை அழைத்து, "பாப்பா, என் பேர எழுது" என்றார். கேள்வியையும் நான் கேட்க வேண்டும் என்று விரும்பினார். கேட்டேன். "இல்ல" என்றார். பெரியப்பாவைப் பார்த்து, "ஒம் பேரையும் எழுதச் சொல்லவாண்ணே?" என்றார்.

"வேணாம்டா. எனக்கு இன்னும் அவ்வளவு தூரம் வரல. நீ வாங்கு. நான் ஒன்னப் புடிச்சிக்கிறேன்."

போதகர் வந்தார். அப்பத்தின் கடுகளவு துணுக்கை இரசத்தில் நனைத்து அப்பாவின் நாவில் வைத்தார். பெரியப்பா அவர் தலையை மார்பில் தாங்கியிருந்தார். தண்ணீரும் இறங்காத தொண்டை அது. நாங்கள் காத்திருந்தோம். போதகர் கிண்ணத்தை ஏந்தியபடியே நின்றார். எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அப்பா கண்ணைத் திறந்து, இறங்கிவிட்டது என்பதுபோல் தலையசைத்தார்.

அதன் பின் நான்கு நாட்களே இருந்தார். அந்நாட்களில் பெரியப்பா ஆண்டிமடத்துக்குத் திரும்பவில்லை. ஐந்தாம் நாள் காலை, கோயில் மணி அடித்துக்கொண்டிருக்கையில், அப்பாவின் மூச்சு நின்றது. அப்பா கர்த்தரிடம் சேர்ந்தார் என்று நாங்கள் நம்புகிறோம். நம்புவதால் துக்கம் குறைகிறது என்று மேடையில் நான் சொல்லியிருக்கிறேன். அவ்வளவாகக் குறைவதில்லை.

அடக்கத்தன்று, தம் மனைவிக்கு இடம் மறுத்த அந்தக் கல்லறைத் தோட்ட வாசலில் பெரியப்பா சற்று நின்றார். பெட்டியைச் சுமந்தவர்களும் நின்றார்கள். எவரும் அவரை அழைக்கவில்லை. அவராகவே உள்ளே வந்தார். முதல் பிடி மண்ணை அவரே இட்டார். அங்கே என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன்; "எங்க அப்பா" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. அமர்ந்துவிட்டேன்.

நன்றி கூற வேண்டியவர்கள் பலர். திருச்சி மருத்துவமனைக்கு ஒவ்வொரு முறையும் தம் காரில் அழைத்துச் சென்று, காத்திருந்து கூட்டிவந்த லப்பைக்குடிக்காட்டு பாய் அவர்களுக்கும், அவசரப்படாமல் கிண்ணத்தோடு நின்ற போதகர் ஐயாவுக்கும், அப்பாவுக்குக் கஞ்சி வடிகட்டிக் கொண்டுவந்த அண்டை வீட்டுச் சகோதரிகளுக்கும், வாய்க்கால் சண்டையை மறந்து ஒன்றாக நின்று பந்தியில் பரிமாறிய அந்த இரண்டு அம்மாக்களுக்கும், சவப்பெட்டியின் ஒரு முனையைச் சுமந்த அக்காவின் கணவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மிகக் கடினமான சொல்லை மிகத் தாமதமாகவேனும் சொன்ன பெரியப்பாவுக்கு, அவரது கால்தொட்டு என் நன்றி.

எஞ்சியிருப்பவர் ஒருவர். இம்மலரின் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் பெரியப்பாவோடு ஆண்டிமடத்துத் தோப்புக்குப் போகிறோம். அங்கே நான் சொல்லப்போவது எந்த மேடைக்கும் போதாத சிறிய பேச்சு.

பெரியம்மா, நீங்கள் சொல்லியனுப்பிய வார்த்தை அப்பாவுக்குக் கிடைத்துவிட்டது. அவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.